லிப்சாவின் முன்னால் பேசியவர்கள்

ஆடிக் காற்று பஞ்சுத் தூசியையும் சாயப்பட்டறைப் புகையையும் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு வந்து கரட்டூர் மேல்நிலைப் பள்ளியின் சன்னல்களில் அறைந்துகொண்டிருந்த ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் டப்பாக்களைத் திறந்திருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு இந்துஜா தனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒடியாக்காரப் பெண் லிப்சாவைப் பார்த்து, "வடக்க இருந்து மூட்ட கட்டிட்டு வந்து எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு, இங்கயே உக்காந்து திங்கறீங்களா" என்று கேட்டாள். கேட்டது அவள்தான், அசைந்தது அவளுடைய உதடுதான், ஆனால் வந்த குரல் அவளுடைய அப்பா ரத்தினசாமியின் குரல். பீடிக் கரகரப்பும், நடுவில் ஒரு செருமலும், கடைசிச் சொல்லை இழுத்து விடுகிற இழுப்பும் அப்படியே இருந்தன.

பக்கத்து வகுப்பு டீச்சர், பிள்ளைகள் சாப்பிடுகிற நேரத்தில் எந்த ஆம்பளை உள்ளே வந்தது என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்றதும் போய்விட்டார். இந்துஜா தொண்டையைத் தடவிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். மற்ற பிள்ளைகள் கொஞ்சம் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள். லிப்சா டப்பாவை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அவள் அப்படிப் போவது புதிதல்ல.

கரட்டூர் பனியன் கம்பெனிகளால் பிழைக்கிற ஊர். ஊருக்குள் ஓடுகிற ஓடை ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் போகும், அன்றைக்கு எந்தக் கலருக்கு ஆர்டர் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ரத்தினசாமி அங்கே ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மேசை மேல் அடுக்கடுக்காக விரித்த துணியில் அவர் கத்தியை ஓட்டினால் அடியில் இருக்கிற துணிக்கும் மேலே இருக்கிற துணிக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. முதலாளி ஒரு நாள் புது மெஷின் ஒன்றை இறக்கி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்களைக் கூட்டி வந்து நிறுத்தி, மாஸ்டரிடம் "ஒரு ரெண்டு மாசம் பொறுங்க, கூப்பிடறேன்" என்றார். கூப்பிடவில்லை. ரத்தினசாமி ஒரு குடோனில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். முதலாளியின் கார் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இப்போதும் எழுந்து நின்று, "வாங்க மொதலாளி" என்று கும்பிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டபின், முதலாளியை ஒரு வார்த்தை சொல்லாமல், அந்தப் பையன்களையும் அவர்கள் பெண்டு பிள்ளைகளையும் அவர்கள் தின்பதையும் பூசுவதையும் சோறு ஆறும்வரை திட்டினார். இந்துஜா எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்தாள்.

அப்பா வாட்ச்மேன் ஆன செய்தி வகுப்புக்குத் தெரிந்த நாளிலிருந்து, இந்துஜா உள்ளே நுழையும்போதெல்லாம் பின் பெஞ்சிலிருந்து யாராவது விசில் அடித்தார்கள். எட்டாம் வகுப்பு முழுக்க அந்த விசில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு தொடங்கியபோது லிப்சா வந்து சேர்ந்தாள், ஒல்லியாக, கடுகெண்ணெய் தேய்த்து வழித்துப் பின்னிய தலையோடு. பெயர் என்ன என்று டீச்சர் கேட்டு, அவள் சொன்னதும், இந்துஜா யோசிக்காமல் "லிப்ஸ்டிக்கா டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்தது. தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் தன்னோடு சேர்ந்து சிரிப்பதை இந்துஜா அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள். மறுநாள் விசில் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. விசில் திரும்பி வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நாள் தவறாமல் செய்தாள்.

குரல் மாறுவது இந்துஜாவோடு நிற்கவில்லை. அந்த வாரமே மற்றப் பிள்ளைகளுக்கும் வந்தது. லிப்சாவைப் பார்த்து ஒருத்தி "கிட்ட வராத, சீக்கு ஒட்டிக்கும்" என்றால், அவளுடைய பெரியம்மா பேசினாள். ஒருவன் "இவனுகளாலதான் ஊருல திருட்டு" என்றால், கைபேசி வீடியோக்களில் கத்துகிற முகம் தெரியாத யாரோ ஒருவன் கத்தினான். சாதாரணப் பேச்சில் எல்லாருக்கும் அவரவர் குரல்தான். வைகிற வார்த்தை மட்டும், அதை எந்த வாயிலிருந்து எடுத்தார்களோ அந்த வாயின் குரலிலேயே வந்தது. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கவின் என்ற பையன் லிப்சாவின் பக்கம் சாய்ந்து, "தமிழே வராததெல்லாம் எதுக்குச் சேக்கறாங்களோ, பாஸ் பெர்சன்டேஜ் போகுது" என்றபோது, வந்தது கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாரின் குரல். வாத்தியார் எழுதுவதை நிறுத்தினார். சாக்பீஸ் பலகை மேல் அப்படியே நின்றது. பிறகு, திரும்பிப் பார்க்காமல், விட்ட இடத்திலிருந்து எழுதினார்.

ஊர் முதலில் இதை நோயென்று எடுத்துக்கொண்டது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பிள்ளைகளின் நாக்கை அமுக்கி டார்ச் அடித்துப் பார்த்து, கொஞ்சம் சிவந்திருக்கிறது, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கட்டும் என்றார். மாரியம்மன் கோயில் பூசாரி கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டினார். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர், ஐயா, பிள்ளைகள் வீட்டில் கேட்பதைத்தான், என்று ஆரம்பித்தபோது எல்லாரும் எழுந்து நின்று, எங்கள் வீட்டில் அப்படிப் பேசுகிற வழக்கமே இல்லை என்று ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதே கூட்டத்தில், லிப்சாவின் அம்மா பின் வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் எதற்காக எழுந்தார்கள் என்று புரியாமல் தானும் எழுந்து நின்றாள். கடைசியில், பிள்ளைகள் மூன்றாம் மனிதர் எதிரில் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. வாயைத் திறந்து வைய முடியாத பிள்ளைகள் கையை உபயோகித்தார்கள். லிப்சாவின் பை ஓடையில் கிடந்தது. அன்றைக்குப் பச்சைக் கலர் ஓடியதால் புத்தகமெல்லாம் பச்சையாகிவிட்டது. அவளுடைய முழங்கைத் தோல் உரிந்திருந்ததை யாரும் கேட்கவில்லை, அது சத்தமில்லாமல் நடந்த காரியம்.

ரத்தினசாமி தன் குரலைத் தெருக் குழாயடியில் கேட்டார். லிப்சா குடத்தை வைத்திருந்த இடத்தில் இந்துஜா தன் குடத்தை வைத்து, "மெஷினப் புடிக்கத் தெரியாத நாயிக, நம்ம எடத்துல வந்து நிக்குதுக" என்றபோது, குழாயடியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் இந்துஜாவைப் பார்க்காமல் எதிரே தன் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ரத்தினசாமியைப் பார்த்தார்கள். அவர் ஒரு செருப்போடு நின்றார். தன் குரலை வெளியிலிருந்து கேட்பவன் அதை முதலில் அடையாளம் கண்டுகொள்வதில்லை. யாரோ ஒரு கேவலமான ஆள் பேசுகிறான் என்றே அவருக்குத் தோன்றியது. பிறகு செருமல் வந்தது. அது தன் செருமல் என்று தெரிந்தது.

வீட்டுக்குள் இழுத்துப் போய் மகளை அறைந்தார்.

"என்ற கொரல எங்கடி எடுத்த?"

"நான் எடுக்கலப்பா. அதா வருது."

"நாலு பேரு முன்னால எம்மானத்த வாங்கற. நான் வீட்டுக்குள்ளதான பேசினேன்? வெளிய ஒரு வார்த்த பேசியிருப்பனா?"

அது உண்மை. வெளியே அவர் யாரையும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா தங்கமணி குறுக்கே வந்து மகளை இழுத்துக்கொண்டாள். அன்று சாப்பிட உட்கார்ந்த ரத்தினசாமி வாயைத் திறக்கப் போனார், எதிரே மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மறுநாளும் பேசவில்லை. எதைச் சொன்னாலும் அது மகளின் வாய்க்குள் போய்த் தங்கி ஒரு நாள் தெருவில் வந்து நிற்கும் என்று பயந்து, திட்டுவதை நிறுத்தினார். திட்டுவதை மட்டும் நிறுத்திப் பழக்கமில்லாததால் மற்றதையும் நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டினார். சட்டை வேண்டுமென்றால் கொடியைக் காட்டினார். ஐப்பசி மழையில் குடோன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சாய்ந்தபோதுகூட ஒரு சத்தம் கொடுக்கவில்லை என்று, பக்கத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்த பீகார் பையன்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியதும் அவர்கள்தான்.

கருமாதி முடிந்தபின் தங்கமணிக்கு ஒரு குறை தங்கிவிட்டது. போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது, கத்தரித்துக் காய்த்துப்போன விரல்களின் ஞாபகம் இருக்கிறது. குரல் மட்டும் எங்குமே இல்லை. இந்துஜா அம்மாவுக்காக, அப்பா எப்போதோ சொன்ன நல்ல வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தாள். "உண்டியா கண்ணு" என்றாள். "பாத்துப் போ சாமி" என்றாள். எல்லாம் அவளுடைய சொந்தக் குரலிலேயே, கொஞ்சம் கீச்சென்று, வந்தன.

இதற்குள் ஊர் இந்த விஷயத்தை நோயென்று சொல்வதை விட்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தது கவினின் அம்மா ஜோதிமணி. அவள் புருஷன் லாரியில் அடிபட்டு இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூட வாசலில் மகனுக்காக நின்றவள், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து செத்துப்போன புருஷனின் குரல், "ஏய், வழிய விடுறீ ஹிந்திக்காரி" என்று சொல்வதைக் கேட்டாள். மதில் ஓரமாகவே உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அன்று மகனை அவள் அடிக்கவில்லை. வீட்டில், இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டாள். சுவரைப் பார்த்துச் சொன்னால் வரவில்லை. நாயைப் பார்த்துச் சொன்னால் வரவில்லை. லிப்சாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் வந்தது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோதிமணி வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் தட்டில் வைத்து, மகனைக் கூட்டிக்கொண்டு, ஒடியாக்காரர்கள் குடியிருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுக்குப் போனாள். லிப்சாவின் அம்மா, சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று கதவைச் சாத்தப் போனாள். தட்டைப் பார்த்துத் தயங்கினாள். கவின் பேசினான். ஜோதிமணி கண்ணை மூடிக் கேட்டாள், கும்பிட்டாள், லிப்சாவின் கன்னத்தைத் தடவி "மகராசியா இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு இந்த அம்மா அழுகிறாள் என்று லிப்சாவின் அம்மா ஒடியாவில் கேட்டாள். அவள் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார் என்று லிப்சா சொன்னாள். அவன் உன்னிடம் என்ன சொன்னான் என்று கேட்டாள். அதைத்தான் சொன்னான் என்றாள்.

பிறகு வரிசையாக வந்தார்கள். செத்தவர்கள் இல்லாத வீடு கரட்டூரில் இல்லை, வையாத செத்தவர்களும் அதிகமில்லை. லிப்சா மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்ட நாளில், லைன் வீட்டுக்காரர் தன் பேரனோடு வந்து, தன் அப்பாவின் குரலைக் கேட்டு முப்பது வருஷமாயிற்று என்றும், நின்று கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்றும், முடியாதென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சிரித்தபடி சொன்னார். லிப்சா வாசலில் வந்து நின்றாள். ஊரில் யாரும் அதைக் கொடுமை என்று சொல்லவில்லை. பூ கொண்டுவந்து வைத்தார்கள், பலகாரம் கொடுத்தார்கள், நல்ல பிள்ளை, பொறுமைசாலி, நம்ம பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை வருமா என்று பேசிக்கொண்டார்கள். குழாயடியில் அவளுக்கு முதல் குடம் விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை ஒன்றும் செய்யக் கூடாது, அவள் முகம் ஊருக்குத் தேவை, என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பினார்கள்.

தங்கமணி கொஞ்ச நாள் பொறுத்தாள். கம்பெனியில் செக்கிங் மேசையில் பக்கத்தில் நிற்கிறவள், "என்ற ஊட்டுக்காரரு நேத்து நல்லாப் பேசினாருங்க்கா" என்று சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நூல் வெட்டினாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, மகளிடம், "கெளம்பு" என்றாள்.

"நான் வல்லம்மா."

"ஏன்?"

"அவளப் பாத்து இனிமே பேச மாட்டேன். அப்பா செத்தப்பவே நெனச்சுட்டேன்."

"உங்கிட்ட நான் என்னத்தக் கேட்டிருக்கேன், இத்தன வருசத்துல? ஒரு வாய் தண்ணி கேட்டிருப்பனா, ஒரு வேல கேட்டிருப்பனா? ஒரே ஒருக்கா. நான் அவிய பேசிக் கேட்டு எத்தன மாசமாச்சு. சாகறப்பக்கூடப் பேசல. உன்னாலதான பேசாமப் போனாரு?"

கடைசியில் சொன்னதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அது சொல்லப்பட்டுவிட்டது, இந்துஜா கிளம்பினாள்.

லைன் வீட்டு முற்றத்தில் லிப்சா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தங்கமணியைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எப்போதும் நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். தமிழ் இப்போது அவளுக்கு நன்றாக வந்தது. இத்தனை பேர் வந்து பேசியிருக்கிறார்கள்.

"பேசு" என்றாள் இந்துஜாவிடம். "சீக்கிரம். துணி காயப் போடணும்."

இந்துஜா வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. அம்மா பின்னாலிருந்து முதுகைத் தொட்டாள். அப்போது வந்தது: "வடக்க இருந்து மூட்ட கட்டிட்டு வந்து."

தங்கமணி தூணைப் பிடித்துக்கொண்டாள். பீடிக் கரகரப்பு, செருமல், எல்லாம் இருந்தது. அவள் முகம் கல்யாணம் ஆன புதிதில் இருந்த முகம்போல ஆயிற்று. மகளைச் சுற்றி வந்து, மகளின் வாய்க்கு நேராகத் தன் முகத்தை வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்ளா?"

இந்துஜா அம்மாவைப் பார்க்க முடியாது. பார்த்தால் குரல் போய்விடும். அம்மாவின் தலைக்கு மேலாக லிப்சாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு, "நாத்தம் புடிச்ச கூட்டம்" என்றாள்.

"வலிச்சுதுங்ளா அன்னிக்கு? நெஞ்சு?"

"இதுகள ரயில்ல ஏத்தித் தொரத்தோணும்."

"மாத்தர எடுத்து வெச்சுட்டுத்தான் நான் கம்பெனிக்குப் போனேன். நீங்க போடல போலிருக்கு. என்மேல கோவங்ளா?"

"நாயிக."

"சரிங்க" என்றாள் தங்கமணி, அழுதுகொண்டே, சமாதானமாகி. "சரிங்க. நீங்க பேசினதே போதும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டைத் திண்டின் மேல் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். இந்துஜா அங்கேயே நின்றாள். லிப்சா குனிந்து ஒரு சட்டையைப் பிழிந்தாள். சாயத் தண்ணீர் அவள் பாதத்தில் வடிந்தது.

"லிப்சா."

"என்ன?"

"அதெல்லாம் எங்கப்பா பேசினது."

லிப்சா சட்டையை உதறினாள். "இன்னைக்குப் பேசினது உங்க அப்பா. சரி. மொத நாள் லிப்ஸ்டிக்னு சொன்னே. தலையில இருந்து பொண நாத்தம் வருது, மூக்கப் பொத்திட்டுத்தான் சாப்பிடணும்னு சொன்னே. அப்புறமும் எத்தனையோ தடவ சொன்னே. அது எப்பவும் உன் குரல்லயேதான் வந்துச்சு. நான் கவனிச்சிருக்கேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, கொடியில் துணியை விரித்துக்கொண்டே சொன்னாள். இந்துஜா வீடுவரை நடந்தாள். நடந்த வழி அவளுக்கு ஞாபகமில்லை. அதன்பின் லிப்சாவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மறுபடியும் கூப்பிட்ட நாட்களில், தொண்டை கட்டியிருக்கிறது என்று படுத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கவும் செய்தாள், எதுவும் வெளியே வரவில்லை.

தை பிறந்து பொங்கல் லீவு முடிந்தபோது, ஜார்க்கண்டிலிருந்து ஒரு குடும்பம் அதே லைன் வீட்டுக்குக் குடிவந்தது. அவர்கள் சந்தாலிப் பழங்குடியினர், ஒடியாவும் பேசமாட்டார்கள், தமிழும் தெரியாது. அவர்களுடைய பெண் பூல்மணி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். கறுத்து, குட்டையாக, காதோரம் பச்சை குத்திய பெண். முதல் நாள் சத்துணவுத் தட்டை வாங்கிக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வராந்தா முழுக்கப் பார்த்து, தன் லைன் வீட்டில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு, லிப்சாவின் பக்கத்தில் வந்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அந்த நேரம் இந்துஜா குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், யாரோ அவளுடைய குரலில் பேசினார்கள்.

"ச்சீ, பொண நாத்தம். மூக்கப் பொத்திட்டுத்தான் சாப்பிடணும். அந்தப் பக்கம் போ, காட்டுக்காரி."

கீச்சென்ற, கொஞ்சம் மூக்கால் பேசுகிற, கடைசியில் சிரிப்பை எதிர்பார்த்து நிற்கிற குரல். இப்படியா இருக்கும் என்று இந்துஜா நினைத்தாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தபின், வாயைத் திறந்த லிப்சாவை யாரும் பார்க்கவில்லை. வராந்தாவில் இருந்த அத்தனை தலையும் குழாயின் பக்கம் திரும்பியது. பூல்மணியும் மற்றவர்கள் பார்க்கிற திசையில் பார்த்தாள். லிப்சா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்துஜா ஈரக் கையோடு அந்தச் சின்னப் பெண்ணின் கிட்டே போய்க் குனிந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலயே" என்றாள்.

பூல்மணிக்குத் தமிழ் தெரியாது. சற்று முன் கேட்டதும் இதுவும் ஒரே குரல் என்பது மட்டும் தெரிந்தது. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள், சாம்பார் சிந்தாமல் மெதுவாக நடந்து, வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போனாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.